உலர்ந்த அபாச்சா: எந்தப் பொட்டலம் நல்லது, வீட்டில் எப்படிப் பிசறுவது

அபாச்சா இக்போ மக்களின் மரவள்ளிக் கிழங்கு சாலட். நைஜீரியாவின் தென்கிழக்கில் எனுகு, அனம்ப்ரா, இமோ, அபியா, எபோனி என்ற ஐந்து மாநிலங்களிலும் இதைத் தெருவோரத்தில் விற்கிறார்கள், கல்யாண வீட்டிலும் பரிமாறுகிறார்கள். நாட்டின் மற்ற பகுதிகளில் ‘ஆஃப்ரிக்கன் சாலட்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். சாலட் என்றதும் பச்சைக் காய்கறியை நினைக்க வேண்டாம். அவித்துச் சீவிக் காயவைத்த கிழங்கு இழையை நனைத்து, செம்பனை எண்ணெயில் திரட்டிய மஞ்சள் விழுதில் பிசறி, மேலே கசப்பிலையும் வெங்காயமும் பொரித்த மீனும் வைத்துத் தருவதுதான் அபாச்சா. வெதுவெதுப்பாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும்.

எனுகு நகரத்து ஒக்பெட்டே சந்தையில் இந்த இழை மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கப்படுகிறது. வெளிநாட்டில், லண்டன் பெக்கம் போன்ற இடங்களின் ஆப்பிரிக்க மளிகைக் கடைகளில், பொட்டலமாகக் கிடைக்கிறது. இந்த மதிப்புரை அந்தப் பொட்டலத்தையும் கூடவே வாங்கியாக வேண்டிய சரக்குகளையும் பற்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: உலர்ந்த இழை தாராளமாக வாங்கத் தக்கது. பொட்டலத்தின் முதுகில் அச்சடித்திருக்கும் செய்முறையை மட்டும் நம்பாதீர்கள். எல்லாச் சாமானும் பொடியாகச் சேர்த்து வரும் ‘தயார்’ பெட்டியைத் தொடவே வேண்டாம். அபாச்சா தேறுவதும் கெடுவதும் இரண்டே இடத்தில்தான். ஒன்று இழை ஊறும் பதம், மற்றது எண்ணெய் திரளும் பதம். இந்த இரண்டையும் எந்தப் பெட்டியும் உங்களுக்காகச் செய்து தராது.

இழை எப்படி உருவாகிறது

கிழங்கைத் தோலுரித்து, பெருந்துண்டுகளாகப் போட்டு, கத்தி இறங்கும் அளவுக்கு மட்டும் அவிப்பார்கள். குழைய வெந்துவிட்டால் சீவ வராது. ஆறியதும், வரிசையாகப் பிளவு வெட்டிய தகட்டில் நீளவாக்கில் இழுத்துச் சீவுவார்கள். மாவு நீங்கும்வரை பல தண்ணீர் கழுவி இரவு முழுக்க ஊறவைப்பார்கள். விடிந்ததும் மறுபடி கழுவி, அப்படியே ஈரமாகத் தேங்காய்க் கீற்றோடோ வேர்க்கடலையோடோ தின்பதற்கு ‘அபாச்சா ம்மிரி’ என்று பேர். ம்மிரி என்றால் தண்ணீர். மிச்சத்தை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அதுதான் நம் கைக்கு வரும் பொட்டலம்.

இந்தப் பாடுகளில் எதையும் விட முடியாது. மரவள்ளியில் லினமாரின் என்றொரு பொருள் உண்டு. கிழங்கு அறுபட்டோ நசுங்கியோ போனால் அதிலிருந்து சயனைடு பிரியும். அவிப்பதும் சீவுவதும் தண்ணீர் மாற்றி ஊறவைப்பதும் காயவைப்பதும் சேர்ந்தே அதை வெளியேற்றுகின்றன. கசப்பு வகைக் கிழங்கில் இது மிக அதிகம். அப்படிப்பட்ட கிழங்கை அரைகுறையாக ஊறவைத்த சரக்கு ஆபத்து. பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரே ஓர் இழையை நுனிப்பல்லில் கடித்துப் பார்த்துத் துப்புங்கள். மாவு ருசிதான் தெரிய வேண்டும். கசந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், ஊறவைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். உண்ணும் மரவள்ளி மாவில் ஹைட்ரஜன் சயனைடு கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதி. சோதனை எண் அச்சிட்ட பொட்டலம் கிடைத்தால் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ருசிக்கும் இந்தப் பக்குவத்துக்கும் தொடர்பு உண்டு. இழை ஏற்கனவே வெந்தது. வெந்த மாவுச்சத்து ஆறிக் காயும்போது இறுகுகிறது. அபாச்சாவை மெல்லும்போது பல்லுக்குத் தட்டுப்படும் அந்த இழுவை இறுகிய மாவிலிருந்து வருவது. ஆகவே அதற்கு வேண்டியது தண்ணீர்தான், இன்னொரு முறை வேக்காடு அல்ல. கொதிநீரில் போட்டு ஐந்து நிமிடம் மறந்துவிட்டால் வெளிப்புறம் கஞ்சியாகக் கரையும், உள்ளே நரம்பு மாதிரி ஒரு கட்டி அப்படியே நிற்கும். பொட்டலங்கள் பலவற்றின் முதுகில் ‘கொதிநீரில் ஊறவைக்கவும்’ என்று போட்டிருப்பது இதனால்தான் வருத்தம் தருகிறது. முதல்முறை செய்கிறவர் அதை நம்பிச் செய்து, கூழான ஒன்றைத் தின்றுவிட்டு, அபாச்சா என்றால் இதுதான்போல என்று விட்டுவிடுகிறார்.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியவை

உள்ளே இருப்பது வெளியே தெரியும் உறையாகப் பார்த்து எடுங்கள். முதலில் கவனிக்க வேண்டியது பருமன். நல்ல சரக்கில் எல்லா இழையும் ஏறக்குறைய ஒரே மெல்லிசாக, விரல் நீளமாவது இருக்கும். நூல் போன்ற இழையும் பென்சில் சீவல் போன்ற பட்டையும் கலந்து கிடந்தால் அதை வைத்துவிடுங்கள். மெல்லியது ஊறிக் குழைந்த பிறகும் பட்டை நறநறவென்று நிற்கும், எந்த நேரக் கணக்கும் இரண்டுக்கும் பொருந்தாது. விற்பனையில் அதிகம் காணும் குறை இதுதான். அடியில் தூள் நிறையச் சேர்ந்திருப்பதும் நல்லதல்ல, அது ஊறும்போது பசையாகி மற்ற இழைகளை ஒட்டவைக்கும்.

நிறம் வெள்ளையாகவோ மங்கிய பால்நிறமாகவோ இருக்கலாம். சாம்பல் அல்லது கரும்புள்ளி இருந்தால் காயும்போது மழை பட்டுப் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மஞ்சள் நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. வைட்டமின் ஏ சத்துக்காக உருவாக்கிய மஞ்சள் மரவள்ளி வகைகள் 2011 முதல் நைஜீரியாவில் பயிராகின்றன. அந்த ஆய்வில் பங்குகொண்ட தேசியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அபியா மாநிலத்து உமுடிகேயில், இக்போ மண்ணிலேயே இருக்கிறது. மஞ்சள் இழை கொஞ்சம் மிருதுவாகிவிடும் என்பதால் ஊறும் நேரத்தில் இரண்டு மூன்று நிமிடம் குறையுங்கள்.

உறைமேல் இழையை மடித்துப் பாருங்கள், ‘பட்’டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. லேசான புளித்த வாசனை இயல்பு, இரவெல்லாம் ஊறியதன் மிச்சம் அது. முக்கலான, ஈரச்சாக்கு வாடை அடித்தால் வேண்டாம்.

மணல் இல்லாத பொட்டலத்தைத் தேட வேண்டியதில்லை. திறந்த வெளியில் காய்ந்த சரக்கில் கொஞ்சம் மணல் இருக்கும். அரிசியில் கல் அரிப்பதுபோல் எடுத்தால் போதும். அகன்ற பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு இழையைப் போட்டு அலசி, கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பாத்திரத்தை வடிதட்டில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மணல் திரும்ப இழைமேல்தான் விழும்.

எண்ணெயும் அக்கான்வும்

செம்பனை எண்ணெய் சுத்திகரிக்காததாக, ஆழ்ந்த சிவப்பாக இருக்க வேண்டும். நம் ஊர் ரேஷனில் தரும் பாமாயில் இதற்கு உதவாது. நிறமும் மணமும் போனது ஒரு பக்கம் இருக்க, அது திரளவே திரளாது. சுத்திகரிக்காத எண்ணெயில் தனித்து நிற்கும் கொழுப்பு அமிலம் சில சதவீதம் உண்டு. அதில் உவர்நீர், அதாவது கீழே சொல்லும் அக்கான்வைக் கரைத்த தண்ணீர், பட்டதும் கொஞ்சம் சோப்பு உண்டாகி, எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றாகப் பிடித்துக் கட்டுகிறது. சுத்திகரித்த பாமாயிலில் அந்த அமிலத்தை நீக்கிவிடுகிறார்கள், கட்டுவதற்கு ஆள் இல்லை. திரண்டு வரும் மஞ்சள் விழுதுக்கு ‘ன்ச்சா’ என்று பேர். இக்போவில் சோப்பையும் ன்ச்சா என்றே எழுதுகிறார்கள்.

கலப்பட எண்ணெயில் நிறம் கூட்டுவதற்காக உணவுக்கு ஆகாத சூடான் சாயம் சேர்ப்பது மேற்கு ஆப்பிரிக்காவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. தயாரித்தவர் முகவரியும் தொகுதி எண்ணும் இல்லாத புட்டியை மலிவென்று வாங்காதீர்கள். குளிர்நாட்டில் எண்ணெய் பாதி உறைந்து நிற்கும், அது குறை அல்ல. புட்டியை வெந்நீரில் நிறுத்தி உருகவைத்தால் போதும்.

அக்கான்வு என்பது பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் உவர்க்கல். சந்தையில் சாம்பல் கலந்த வெள்ளைக் கட்டியாகவோ பொடியாகவோ விற்பார்கள். ஆங்கிலத்தில் ‘பொட்டாஷ்’ என்று எழுதியிருக்கும். நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் இது. உரக்கடைப் பொட்டாஷுக்கும் இதற்கும் பேரைத் தவிர எந்த உறவும் இல்லை. உரத்தை எக்காரணம் கொண்டும் சமையலில் சேர்க்கக் கூடாது. அக்கான்வு சோடியம் சார்ந்த உப்பு, அப்பளக்காரத்தின் இனம். கட்டியாக வாங்குவதே நல்லது, பொடியில் மண் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கிடைக்காத ஊரில் ஆப்பசோடா வைத்துச் செய்கிறார்கள். அது வலு குறைந்தது என்பதால் விழுது இளகலாகவே நிற்கும், ருசியும் கொஞ்சம் தட்டையாக இருக்கும், ஆனாலும் சாப்பிடலாம். எல்லாவற்றையும்விட உயர்ந்தது ‘ங்கு’. காய் உதிர்த்த செம்பனைக் குலையை எரித்து, அந்தச் சாம்பலில் தண்ணீர் விட்டு வடித்தெடுக்கும் நீர் அது. புட்டியில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். அக்கான்வு விழுதில் இல்லாத லேசான புகைமணம் இதில் உண்டு.

வாங்கிய அக்கான்வு வீணாகாது. ன்க்வோபி என்ற மாட்டுக்கால் உணவுக்கும், இசி எவு என்ற ஆட்டுத்தலை உணவுக்கும் இதே ன்ச்சாதான் அடித்தளம்.

உக்பா, ஓகிரி, மற்றவை

உக்பா இல்லாமல் அபாச்சா இல்லை என்றே சொல்லலாம். ஆப்பிரிக்க எண்ணெய் அவரை என்ற பெருமரத்தின் விதையை மணிக்கணக்காக அவித்து, ஓடு நீக்கி, தீக்குச்சி போல் சீவி, கழுவி, இலையில் பொதிந்து இரண்டு மூன்று நாள் நொதிக்கவிட்டது உக்பா. உக்பாக்கா என்றும் சொல்வார்கள். நல்ல உக்பா பழுப்பு நிறமாக, லேசான பளபளப்போடு, மென்மையாக இருந்தாலும் கடிபடும். நூல் விடும் கொழகொழப்போ மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடையோ வந்தால் நாள் கடந்துவிட்டது. உறைய வைத்த உக்பாவுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். உலர்த்திய உக்பா பரவாயில்லை ரகம், வெந்நீரில் பதினைந்து நிமிடம் ஊறினாலும் தோல் போன்ற விறைப்பு முழுதாகப் போகாது. எந்த வகையானாலும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள்.

ஓகிரி ஆமணக்கு விதையை நெடுநேரம் அவித்து நொதிக்கவைத்து அரைத்த விழுது. ஆமணக்கின் நஞ்சை அந்த நீண்ட அவியல்தான் முறிக்கிறது, ஆகவே இதை வீட்டில் செய்து பார்க்கும் ஆசை வேண்டாம், வாங்குங்கள். சிறு இலைப் பொட்டலமாக வரும். வாடை கருவாட்டைத் தோற்கடிக்கும். ஆனால் நான்கு பேருக்கு ஒரு தேக்கரண்டிதான், அது எண்ணெயில் கரைந்ததும் வாடை அடங்கி, வாயில் நிற்கும் ஓர் ஆழமான ருசியாக மாறிவிடும். இதை விட்டுவிட்டுச் செய்த அபாச்சா மொட்டையாக இருக்கும்.

எஹுருவைச் சுரைக்காய் ஜாதிக்காய் என்று சொல்லிக்கொள்ளலாம். வாசனை ஜாதிக்காய்தான், மரம் மட்டும் சீத்தாப்பழக் குடும்பம். முழு விதையாக வாங்கி, வெறும் வாணலியில் வறுத்து, தோல் உடைத்து உள்பருப்பை இடியுங்கள். பொடியாக விற்பதில் மணம் பாதி பறந்திருக்கும்.

‘கிரேஃபிஷ்’ என்று நைஜீரியாவில் சொல்வது காய்ந்த சிற்றிறால். நம் சந்தையில் கிடைக்கும் சென்னாங்குன்னி, ஈழத்தில் கூனி, இதற்கு நல்ல மாற்று. மணல் போகச் சலித்து, லேசாக வறுத்து இடித்தால் வேறுபாடு தெரியாது. மிளகாய்க்கு, ன்சுக்கா வட்டாரத்து மஞ்சள் மிளகாய் கிடைத்தால் அதைவிட வேறு வேண்டாம். உறைப்போடு பழ வாசனையும் அதற்கு உண்டு.

உட்டாசி கசப்பிலை. சிறுகுறிஞ்சானும் எருக்கும் சேர்ந்த குடும்பத்துக் கொடி. மயிரிழையாக அரிந்து தூவ வேண்டும், நான்கு இலைக்கு மேல் போனால் தட்டே கசந்துவிடும். அனாரா என்ற வெள்ளைக் கத்தரிக்காயையும் அதன் இலையையும் பச்சையாகவே சேர்ப்பார்கள். பதப்படுத்திய மாட்டுத்தோல் சேர்ப்பதும் வழக்கம், அதற்குக் கன்டா என்றும் போன்மோ என்றும் பேர். விருப்பமில்லாதவர் விட்டுவிடலாம், ருசி குறையாது. மேலே வைப்பதற்குப் பொரித்த கானாங்கெளுத்தி போதும். ஒக்போரோக்கோ என்ற நார்வே உலர்மீனை உதிர்த்துச் சேர்ப்பவர்களும் உண்டு. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடந்த பியாஃப்ரா உள்நாட்டுப் போரில் நிவாரணப் பொருளாக விமானத்தில் வந்திறங்கிய மீன் அது, இன்றும் இக்போ அடுக்களையில் மதிப்பான சரக்கு.

பிசறும் முறை

நான்கு பேருக்கு: உலர்ந்த இழை 250 கிராம், செம்பனை எண்ணெய் 150 மில்லி, அக்கான்வு பொடித்தது ஒரு தேக்கரண்டி, உக்பா 150 கிராம், ஓகிரி ஒரு தேக்கரண்டி, எஹுரு மூன்று, இறால் பொடி மூன்று மேசைக்கரண்டி, மிளகாய் இரண்டு, மேகி அல்லது நோர் (Knorr) சூப் கட்டி ஒன்று, அவித்து நறுக்கிய கன்டா 200 கிராம், வெங்காயம் ஒன்று, அனாரா நான்கு, அதன் இலை ஒரு கைப்பிடி, உட்டாசி நான்கு இலை, மீன் நான்கு துண்டு.

முதலில் அக்கான்வுப் பொடியை 100 மில்லி தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் தெளியவிடுங்கள். அடியில் மண் தங்கும். மேல்தெளிவை மட்டும் வடிகட்டி எடுங்கள், அதிலும் பெரும்பாலும் பாதியளவே தேவைப்படும்.

அது தெளிவதற்குள் இழையை ஊறப்போடலாம். மேலே சொன்னபடி அரித்து, அறை வெப்பத் தண்ணீரில் மூழ்கவைத்துவிட்டு, பத்தாவது நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள். ஓர் இழையை எடுத்து விரலில் சுற்றுங்கள். உடையாமல் சுற்றிக்கொண்டு, விட்டதும் மெல்ல நிமிர்ந்தால் பதம். கிள்ளிப் பார்த்தால் நடுவில் வெள்ளைக் கோடு தெரியக் கூடாது. மெல்லிய இழைக்கு 10 முதல் 15 நிமிடம், கொஞ்சம் தடித்ததற்கு 20 முதல் 25. பதம் வந்ததும் வடிதட்டில் கொட்டி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை ஒரே ஒருமுறை மேலே ஊற்றி விட்டுவிடுங்கள். வெந்நீரின் வேலை இழையை வெதுவெதுப்பாக்குவது மட்டும்தான். பத்து நிமிடம் நன்றாக வடியட்டும். இந்தப் பத்து நிமிடத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஈரம் சொட்டும் இழையைப் போட்டால் அருமையாகத் திரண்ட ன்ச்சா நீர்த்துப்போய், எண்ணெய் தட்டின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும்.

அகன்ற பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றுங்கள். அடுப்பு வேண்டாம். குளிரில் உறைந்திருந்தால் மட்டும் உருகும் அளவுக்குச் சூடு காட்டி, ஆறவிட்டு எடுங்கள். காய்ந்த எண்ணெயில் நிறம் வெளுத்துவிடும், திரளவும் திரளாது. இனி அக்கான்வுத் தெளிவை ஒரு மேசைக்கரண்டி விட்டு மரக்கரண்டியால் ஒரே பக்கமாகக் கிளறுங்கள். சிவப்பு எண்ணெயில் முதலில் மஞ்சள் கோடு ஒன்று சுழன்று ஓடும். அடுத்த கரண்டிக்கு எண்ணெய் மொத்தமும் மங்கி, ஒளி ஊடுருவாத ஆரஞ்சாகும். மூன்றாவது கரண்டியில் மாம்பழ மஞ்சளாகி, கரண்டி போன தடம் ஒரு நொடி நின்று பிறகு மூடும். அங்கே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் மூன்று, மிஞ்சினால் நான்கு கரண்டி. திரளவில்லையே என்று ஐந்தாவது, ஆறாவது விட்டால் நாக்கில் வழவழப்பும் சோப்பு ருசியும் ஏறிவிடும், அதை எந்த மசாலாவும் மறைக்காது. சோப்பு ருசி லேசாகத் தட்டினால் இன்னும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுக் கிளறி மீட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதே மேல், எண்ணெய்தானே நஷ்டம். திரண்டது பிரிந்துபோனால், வேறு பாத்திரத்தில் இரண்டு கரண்டி புது எண்ணெயும் சில சொட்டுத் தெளிவும் சேர்த்துத் திரட்டி, பிரிந்ததை அதில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் கூடிவிடும்.

ன்ச்சாவில் முதலில் இறங்க வேண்டியது ஓகிரி. கரண்டியின் முதுகால் பாத்திரத்தின் ஓரத்தில் தேய்த்துக் கட்டியில்லாமல் கரையுங்கள். கரையாத ஓகிரி ஒரு வாய்க்கு மட்டும் முழுதாக அகப்பட்டால் அவர் மறுபடி தட்டைத் தொடமாட்டார். பிறகு இடித்த மிளகாய், எஹுரு, இறால் பொடி, நொறுக்கிய கட்டி. உப்பு இப்போது வேண்டாம், இறாலிலும் கட்டியிலும் ஏற்கனவே இருக்கிறது. அடுத்து உக்பாவும் கன்டாவும். அவை மஞ்சளில் தோய்ந்த பிறகு வடிந்த இழையை மூன்று தவணையாகப் போட்டு, கீழிருந்து மேலாகத் தூக்கிப் புரட்டுங்கள். கரண்டியால் அழுத்திக் கிண்டினால் இழை முறியும். கையால் பிசறுவதே சுலபம். எல்லா இழையும் மஞ்சள் பூசிக்கொண்டதும் உப்புப் பார்த்து, மிகச் சிறு தீயில் இரண்டு நிமிடம் காட்டி இறக்குங்கள். அதற்கு மேல் அடுப்பில் நின்றால் ன்ச்சா பிரிந்து எண்ணெய் கக்கும்.

அரிந்த அனாரா இலையில் பாதியை உள்ளே கலந்து, மீதியை மேலே தூவுங்கள். வெங்காயம் வட்டவட்டமாக, உட்டாசி மயிரிழையாக, அனாரா கீற்றாக, மேலே மீன். கூடக் குடிக்கக் குளிர்ந்த கள் வைப்பது இக்போ வழக்கம்.

வீட்டிலேயே இழை சீவலாமா

நல்ல தின்கிழங்கு கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் சீவலாம். தோலுரித்த கிழங்கு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 300 கிராம் உலர் இழை தேறும். சாதாரணக் காய்த்துருவியில் குறுக்காகத் துருவாமல், கிழங்கைப் படுக்கவைத்து நீளமாக இழுங்கள். இரவு ஊறலையும் தண்ணீர் மாற்றுவதையும் குறைக்காதீர்கள். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம், இரண்டாம் நாளே பூஞ்சை பிடிக்கும். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் அவித்துக் காயவைக்கும் வாட்டுக்கப்பாவை வைத்து ஒப்பேற்றலாமா என்றால், முடியாது. பக்குவம் நெருங்கியதுதான், ஆனால் அது தடித்த வில்லை, வேகவைத்தே ஆக வேண்டும். சேமியாவும் இடியாப்பமும் பார்வைக்கு ஒத்திருந்தாலும் ன்ச்சாவில் விழுந்ததும் களியாகிவிடும்.

‘தயார்’ பெட்டியும் சேமிப்பும்

இழையும் பொடிகளும் ஒரே பெட்டியில் வரும் தொகுப்புகளில் அக்கான்வு ஏற்கனவே மசாலாப் பொடியோடு கலந்திருக்கும். தெளியவைத்து மண் நீக்க வழியில்லை, அளவைக் கூட்டிக் குறைக்கவும் வழியில்லை. உங்கள் எண்ணெய்க்கு மூன்று கரண்டி போதுமா நான்கு வேண்டுமா என்பதைப் பெட்டிக்காரர் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறார். அதில் வரும் ஓகிரி உலர்பொடி, உக்பா சருகு. தனித்தனியாக வாங்க அலைச்சல் கூடுதல்தான், ஆனால் அலைச்சலுக்கு ஏற்ற ருசி கிடைக்கிறது.

பிசறிய அபாச்சாவை அன்றே தீர்த்துவிட வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் இழை மறுபடி விறைக்கும், உக்பா வாடை ஏறும். தவிர்க்க முடியாமல் மிஞ்சினால் மீன், வெங்காயம், இலை எல்லாம் எடுத்துவிட்டு வைத்து, மறுநாள் இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்துச் சிறு தீயில் புரட்டிச் சாப்பிடலாம், மூன்றாம் நாளுக்குப் போகக் கூடாது. பிரிக்காத இழையும் பிரித்து மீந்த இழையும் காற்றுப் புகாத டப்பாவில் ஆறு மாதம் தாராளமாக இருக்கும். உக்பாவை ஒருவேளைக்கான சிறு பொதிகளாக உறைய வையுங்கள். ஓகிரியை மூடி இறுக்கமான கண்ணாடிச் சீசாவில் போட்டு, அந்தச் சீசாவை ஒரு பையில் கட்டி உறைபெட்டியில் வையுங்கள். பை கட்டாமல் வைத்தால் பக்கத்திலிருக்கும் பனிக்கட்டித் தட்டுவரை வாடை போய்விடும்.